‘உன் பிராசஸர் எது?’ என்று கெர்னல் கேட்டால்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பழக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: “கெர்னலை நீயே கம்பைல் பண்ணு, அதில் உன் பிராசஸரைத் தேர்ந்தெடு, மெஷின் பறக்கும்.” சொல்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்டவரும் ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கம்பைல் செய்கிறார். மறுநாள் மெஷின் பறக்கவில்லை. நேற்று ஓடிய மாதிரியே ஓடுகிறது. சிலருக்கு அதுவும் இல்லை, ‘பூட்’ ஆவதே இல்லை, அதாவது மெஷின் கிளம்புவதே இல்லை.

இந்த இரண்டு ஏமாற்றத்துக்கும் காரணம் ஒன்றுதான். ‘பிராசஸர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் கெர்னல் கேட்கும் கேள்விகள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். உள்ளே போனால் மூன்று ரகம். சில கேள்விகளுக்கு நாம் தரும் பதில், ஒரு வாக்குறுதி. சிலவற்றில் நாம் கெர்னலுக்கு ஒரு வித்தையைக் கற்றுத் தருகிறோம். சில வெறும் எண்ணிக்கை வரம்புகள். வாக்குறுதி பொய்த்தால் மெஷின் கிளம்பாது. கற்றுத்தந்த வித்தை தேவைப்படாமல் போனால் ஒரு நஷ்டமும் இல்லை. வரம்பைக் குறைத்து வைத்தால் இருப்பதும் பயன்படாமல் போகும். எல்லாவற்றையும் ‘வேகம் கூட்டும் பொத்தான்’ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல் விவகாரம். பிராசஸருக்கும் ‘செயலி’ என்கிறோம், கைபேசியில் ஓடும் ஆப்புக்கும் ‘செயலி’ என்கிறோம். இந்தக் கட்டுரையில் இரண்டுமே வரும் என்பதால் பிராசஸர் என்றே எழுதுகிறேன்.

கெர்னல் கட்டுவது என்றால் என்ன?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுநாயகமான பகுதி. நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது, வன்பொருளோடு பேசுவது எல்லாம் இதன் பொறுப்பு. மனிதர்கள் படிக்கக்கூடிய மூலநிரலாக அது கிடைக்கிறது. அதைப் பிராசஸர் நேரடியாக ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். இந்த மாற்று வேலையைத்தான் ‘கெர்னல் கட்டுவது’ என்கிறோம்.

மாற்றுவதற்கு முன்னால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்ற கட்டளை ஒரு பட்டியலைத் திறக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஆம் அல்லது இல்லை. சில வரிகளுக்கு மூன்றாவதாக ‘மாட்யூல்’ என்ற பதிலும் உண்டு: கெர்னலோடு ஒட்டாமல் தனிக் கோப்பாக இருந்து, தேவைப்படும்போது மட்டும் உள்ளே வந்து சேரும் துண்டு. நம் பதில்கள் எல்லாம் ‘டாட் கான்ஃபிக்’ என்ற ஒரே கோப்பில் போய் உட்காரும். பிராசஸர் பற்றிய கேள்விகளில் மாட்யூல் என்ற பதிலுக்குப் பெரும்பாலும் இடமில்லை. எந்தக் கட்டளையைப் பயன்படுத்தலாம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாதே.

முதல் ரகம்: வாக்குறுதி

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதுகிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தது அவர்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுவீர்கள். வர்க்கமூலம் என்றால் என்ன என்று ஒவ்வொரு பக்கத்திலும் விளக்க மாட்டீர்கள். புத்தகம் மெலிதாக, ஓட்டமாக இருக்கும். அதே புத்தகம் ஆறாம் வகுப்பு மாணவன் கையில் கிடைத்தால்? முதல் பக்கத்திலேயே தட்டுத்தடுமாறி நின்றுவிடுவான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கோ சிக்கலே இல்லை. அவனுக்குத் தெரிந்த கூடுதல் விஷயங்களைப் புத்தகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

‘பிராசஸர் ஃபேமிலி’ என்ற கேள்வி இந்த ரகம். “இந்தக் கெர்னலைப் படிக்கப்போகிற பிராசஸருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தெரியும்” என்று கம்பைலருக்கு நாம் கொடுக்கும் உறுதி அது. இன்டெல்லின் 486 என்ற பழைய பிராசஸருக்குத் தெரிந்த கட்டளைகள் எல்லாம், அதற்குப் பின்னால் வந்த 686 தலைமுறைக்கும் தெரியும். 686-க்குத் தெரிந்த எல்லாம் 486-க்குத் தெரியாது. ஆகவே 486 என்று தேர்ந்தெடுத்துக் கட்டிய 32-பிட் கெர்னல் இரண்டிலும் ஓடும். 686 என்று கட்டியது பழைய மெஷினில் ஓடாது. நீங்கள் தேர்ந்தெடுப்பது ‘என் பிராசஸர் இதுதான்’ என்பதை அல்ல. ‘இதற்குக் கீழே எனக்குத் தேவையில்லை’ என்ற தரைமட்டத்தை.

தெரியாத கட்டளை எதிர்ப்பட்டால் பிராசஸர் என்ன செய்யும்? தாண்டிப் போகாது. ‘செல்லாத கட்டளை’ என்று ஒரு விதிவிலக்கை எழுப்பும், அதாவது கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு இயங்குதளத்திடம் புகார் சொல்லும். சாதாரண நிரலில் இது நடந்தால் கெர்னல் அந்த நிரலை மட்டும் மூடிவிடும். கெர்னலுக்குள்ளேயே, அதுவும் கிளம்பும் முதல் நொடியில் நடந்தால் புகாரை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புது மெஷினில் ‘இந்தப் பிராசஸருக்கே ஏற்றபடி’ கட்டிய ஒரு கெர்னலை, நேரம் மிச்சம் என்று அப்படியே ஒரு பழைய மெஷினுக்கு நகலெடுத்தேன். திரை கறுப்பு. பிழைச்செய்தி இல்லை, மின்னும் கர்சர்கூட இல்லை. திரையில் எழுத்து காட்டும் பகுதியே அதற்குள் விழித்திருக்காது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நினைவகச் சில்லைக் கழற்றித் துடைத்து மாட்டியதில் ஒரு மாலை போயிற்று.

வெளிப்படையாகத் தெரியும் சில பொருத்தமின்மைகளைக் கெர்னல் தானே சோதித்துச் சொல்லிவிடும். 64-பிட் கெர்னலை 32-பிட் பிராசஸரில் போட்டால், “இதற்கு எக்ஸ்86-64 பிராசஸர் வேண்டும், ஆனால் இங்கே இருப்பது ஐ686” என்ற பொருளில் ஒரு வரி வந்து நிற்கும். (எக்ஸ்86 என்பது இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் பிராசஸர் குடும்பம். எக்ஸ்86-64 அதன் 64-பிட் வடிவம்.) பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவப் பார்த்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தச் சோதனை அடிப்படை அம்சங்களோடு சரி. கம்பைலர் நம் பேச்சை நம்பி ஆங்காங்கே தூவிவிட்ட புதிய கட்டளை ஒவ்வொன்றையும் அது சரிபார்ப்பதில்லை.

தரைமட்டம் காலத்தோடு உயரவும் செய்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது ஒரு 386 மெஷினில். அந்த 386-க்கான ஆதரவே 2013-இல் வந்த 3.8 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. பிறந்த வீட்டையே இடித்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காரணம் நியாயமானது: 486-இல் வந்து 386-இல் இல்லாத சில வசதிகளுக்காகக் கெர்னலில் பல இடங்களில் சுற்றுவழிகள் வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிராசஸரிலேயே வடிவமைப்புப் பிழை இருந்தால் அதைச் சமாளிக்கும் நிரலைக் கெர்னல்தான் வைத்திருக்க வேண்டும். 1997-இல் முதல் பென்டியம் பிராசஸர்களில் ஒரு பிழை வெளிவந்தது. சாதாரணப் பயனரின் நிரல் ஒரே ஒரு தவறான கட்டளையை ஓட்டினால் போதும், மெஷின் முழுவதும் உறைந்துவிடும். அந்தக் கட்டளையின் முதல் எழுத்துகளை வைத்து அதை ‘எஃப்00எஃப்’ பிழை என்கிறார்கள். 686 என்று தரைமட்டம் வைத்தால், அந்தப் பிழைக்கான காப்பு நிரல் கெர்னலில் சேராது. அந்தப் பென்டியம் இங்கே வராது என்று நாம்தான் வாக்குக் கொடுத்துவிட்டோமே.

இதுவரை பார்த்ததன் சாரம்: பிராசஸர் ஃபேமிலி என்பது கம்பைலருக்குத் தரும் குறைந்தபட்ச உத்தரவாதம். தாழ்வாக வைத்தால் எல்லாவற்றிலும் ஓடும். உயர்வாக வைத்தால் பழையது நிற்கும்.

அப்படியென்றால் உயர்வாக வைத்தால் வேகம் கூடுமா?

எல்லாருக்கும் உள்ள ஆசை இதுதான். கூடும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரும்பாலும் இல்லை.

புதிய பிராசஸர்களில் வேகத்துக்குப் பேர்போனவை எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் வகைக் கட்டளைகள். ஒரே கட்டளையில் பல எண்களை ஒருசேரக் கணக்கிடுபவை. படம், ஒலி, காணொளி எல்லாம் இவற்றால்தான் சிட்டாகப் பறக்கின்றன. ஆனால் கெர்னலைக் கம்பைல் செய்யும்போது, ‘இவற்றை நீயாகப் பயன்படுத்தாதே’ என்று கம்பைலருக்கு வெளிப்படையாகத் தடை போட்டிருக்கிறார்கள். நீங்கள் எந்த ஃபேமிலியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.

ஏன் தடை? இந்தக் கட்டளைகள் பயன்படுத்தும் பெரிய ரெஜிஸ்டர்களில், அதாவது பிராசஸருக்குள்ளேயே கணக்குப் போட வைத்திருக்கும் சிறு பெட்டிகளில், அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரலின் எண்கள் இருக்கும். உங்கள் மேசையில் தாள்களை விரித்து வேலை செய்கிறீர்கள். நொடிக்கு ஆயிரம் முறை ஒருவர் வந்து “ஒரு நிமிஷம் மேசை வேண்டும்” என்கிறார். ஒவ்வொரு முறையும் எல்லாத் தாளையும் வாரிக் கட்டி, பிறகு பழையபடி விரிக்க வேண்டும் என்றால் வேலை என்னாகும்? கெர்னல் அடிக்கடி, மிகச் சிறு வேலைக்காக உள்ளே வந்து போகிற ஆள். அது மேசையின் ஒரு மூலையோடு சமாளித்துக்கொள்கிறது.

உண்மையிலேயே பெரிய மேசை தேவைப்படும் சில இடங்கள் கெர்னலிலும் உண்டு: மறையாக்கம், பல வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் ரெய்டு கணக்கு. அந்த இடங்களில் மட்டும் தாள்களைப் பத்திரப்படுத்திவிட்டு அந்தக் கட்டளைகளை ஓட்டுகிறது. ரெய்டு 6 பகுதி செய்வது இன்னும் சுவாரசியம்: எஸ்எஸ்இ2, ஏவிஎக்ஸ்2 என்று ஒரே கணக்குக்குப் பல வழிகளை வைத்துக்கொண்டு, தொடங்கும்போது பந்தயம் நடத்தி இந்த மெஷினில் எது வேகமோ அதைத் தேர்ந்துகொள்கிறது. நாம் எந்தப் பிராசஸர் என்று சொல்லவே வேண்டியதில்லை.

இதையொட்டி இன்னொரு தவறான நம்பிக்கை. கெர்னலில் ஏதோ ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால்தான் நம் செயலிகள் ஏவிஎக்ஸ் பயன்படுத்த முடியும் என்பார்கள். அவை தனியாகக் கம்பைல் ஆனவை. தங்கள் கட்டளைகளைப் பிராசஸருக்கு நேரடியாகவே தருகின்றன. நிரல் மாறும்போது அந்தப் பெரிய ரெஜிஸ்டர்களைச் சேமித்துத் திருப்பித் தருவது மட்டும் கெர்னலின் வேலை. 64-பிட் கெர்னலில் அது எப்போதும் இருக்கிறது.

6.16 பதிப்பிலிருந்து எக்ஸ்86-64-க்கு ‘இந்த மெஷினுக்கே ஏற்றபடி கட்டு’ என்ற ஆப்ஷனைக் கெர்னலே தருகிறது. தப்பில்லை. அந்தக் கெர்னல் அந்த மெஷினை விட்டு வெளியே போகாது என்றால் தாராளமாகப் போடலாம்.

இரண்டாம் ரகம்: வித்தை

மருத்துவரின் பையை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, காய்ச்சல்மானி, கட்டுத்துணி எல்லாம் இருக்கும். வந்த நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை என்றால் காய்ச்சல்மானி பையிலேயே கிடக்கும். அதனால் நோயாளிக்கு ஆபத்து இல்லை. பை கொஞ்சம் கனம், அவ்வளவே.

கெர்னல் கிளம்பும்போது முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று, ‘சிபியூஐடி’ என்ற கட்டளையால் பிராசஸரிடமே விசாரிப்பது. நீ யார் தயாரிப்பு, எந்தத் தலைமுறை, என்னென்ன தெரியும் என்று. ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘சிபியூஇன்ஃபோ’ கோப்பில் ‘ஃப்ளாக்ஸ்’ என்று நீளமாக ஒரு வரி இருக்குமே, அது இந்த விசாரணையின் பதில்தான். பதிலைப் பொறுத்துப் பையிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்ளும் விதம் அழகானது. ஓடும்போது ஒவ்வொரு முறையும் “இந்த அம்சம் இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் வீண். அதனால் கெர்னல் கிளம்பும்போதே தன் நிரலில் சில இடங்களில் இருக்கும் கட்டளைகளை அழித்து, இந்தப் பிராசஸருக்குப் பொருத்தமான கட்டளைகளை அங்கே எழுதிவிடுகிறது. இந்த முறைக்கு ‘ஆல்டர்நேட்டிவ்ஸ்’ என்று பெயர். நீங்கள் இரவெல்லாம் விழித்துச் செய்ய நினைத்த ‘என் பிராசஸருக்கு ஏற்றபடி’ என்ற வேலையின் ஒரு பகுதியை, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் தரும் பொதுக் கெர்னல், கிளம்பும் ஒவ்வொரு முறையும் தானே செய்துகொள்கிறது. பொதுக் கெர்னலும் சொந்தக் கெர்னலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பெக்டர், மெல்ட்டவுன் பாதுகாப்பு ஓட்டைகள் 2018 ஜனவரியில் வெளிவந்தபோது சேர்ந்த தடுப்புகளும் இதே ரகம். மெல்ட்டவுனுக்கான தடுப்பைக் கெர்னலில் சேர்த்திருந்தாலும், அந்த ஓட்டை இல்லாத ஏஎம்டி பிராசஸரைக் கண்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். ‘எனக்கு ஏஎம்டி, ஆகவே நீக்கிவிட்டேன்’ என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை. நீக்கிய கெர்னல் நாளை ஒரு இன்டெல் மெஷினுக்குப் போனால்தான் வம்பு. வேகத்துக்காகச் சிறிது நேரம் தடுப்புகளை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் ‘மிட்டிகேஷன்ஸ் ஆஃப்’ என்று பூட் வரியில், அதாவது கிளம்பும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் கொடுத்தால் போதும், புதிதாகக் கட்டவே வேண்டாம்.

தயாரிப்பாளர் பட்டியலும் ஒன்று உண்டு: இன்டெல், ஏஎம்டி, ஹைகான், சென்டார், ஜாவோஷின். வழக்கமாக இது மறைந்தே இருக்கும், நிபுணர் ஆப்ஷனைத் திறந்தால்தான் கண்ணில் படும். தேவையில்லாத பெயர்களை நீக்கி மிச்சம் பிடிப்பது அற்பம். நம்முடைய பெயரையே தவறிப்போய் நீக்கிவிட்டால், ‘தெரியாத தயாரிப்பாளர், பொதுவான முறையில் தொடங்குகிறேன், கணினி நிலையில்லாமல் இருக்கலாம்’ என்ற பொருளில் எச்சரித்துவிட்டு ஓடும்.

பெயரைப் பற்றிப் பேசும்போது ஒன்று. டெபியன் போன்றவற்றில் 64-பிட் கெர்னலுக்கு ‘ஏஎம்டி64’ என்று பெயர் இருப்பதைப் பார்த்து, “என்னிடம் இருப்பது இன்டெல்லாயிற்றே” என்று தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. எக்ஸ்86-இன் 64-பிட் நீட்டிப்பை வடிவமைத்து 2003-இல் ஆப்டெரான் பிராசஸரில் கொண்டுவந்தது ஏஎம்டி. இன்டெல் அதைப் பின்னால் ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கெர்னல் இருவருக்கும் ஒன்றுதான்.

சுருக்கமாக: வித்தை ரக ஆப்ஷன்களைச் சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தேவையா இல்லையா என்று கெர்னல் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

மூன்றாம் ரகம்: எண்ணிக்கை

விடுதி வரவேற்பறையில் சாவி மாட்டும் பலகை இருக்கும். பத்துக் கொக்கிகள்தான் என்றால், கட்டடத்தில் பதினாறு அறை இருந்தாலும் பத்து அறையைத்தான் வாடகைக்கு விட முடியும். ‘அதிகபட்ச சிபியூ எண்ணிக்கை’ என்ற ஆப்ஷன் இந்தப் பலகை.

இங்கே பலர் கோர்களை எண்ணிப் போட்டுவிட்டுப் பாதி மெஷினை இழக்கிறார்கள். கோர் என்பது தனித்து வேலை செய்யக்கூடிய ஒரு பிராசஸர் அலகு. பல பிராசஸர்களில் ஒரு கோர் இரண்டு ‘த்ரெட்’களாக, இரட்டை ஆள்போல, தன்னைக் காட்டிக்கொள்ளும். கெர்னலின் கணக்கில் ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு சிபியூ. எட்டுக் கோர், பதினாறு த்ரெட் உள்ள மெஷினில் 8 என்று போட்டால் பாதி வேலையில்லாமல் கிடக்கும். ‘எல்எஸ்சிபியூ’ கட்டளை காட்டும் மொத்த சிபியூ எண்ணிக்கைதான் பார்க்க வேண்டியது. கெர்னலின் சொந்த உதவிக் குறிப்பின்படி ஒவ்வொரு கூடுதல் சிபியூவுக்கும் ஆகிற செலவு சுமார் 8 கேபி. அதை மிச்சம் பிடிக்க உட்காருவது எனக்கு அசட்டுத்தனமாகத்தான் படுகிறது. 64-பிட்டில் இயல்பாக வரும் 64 என்ற எண்ணை வீட்டு மெஷினில் தொடாமல் விட்டுவிடலாம்.

இதோடு ஒட்டியது ‘எஸ்எம்பி’ என்ற ஆப்ஷன்: ஒன்றுக்கு மேற்பட்ட சிபியூக்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான ஆதரவு. ஒரே ஒரு வண்டி ஓடும் ஊருக்குச் சிக்னல் விளக்கு தேவையில்லை. பல வண்டிகள் ஓடினால், ஒரே தரவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிவிடாமல் தடுக்கப் பூட்டுகள் வேண்டும். இந்த ஆப்ஷனை நீக்கினால் ஒரு சிபியூ மட்டுமே ஓடும். ஒற்றை சிபியூ மெஷினில் எஸ்எம்பி கெர்னலைப் போட்டாலும் பெரிய இழப்பில்லை. ஆல்டர்நேட்டிவ்ஸ் முறையில் பூட்டுக் கட்டளைகளின் சுமையை எக்ஸ்86 கெர்னல் கழற்றிவிடும். பூட் செய்திகளில் ‘எஸ்எம்பி ஆல்டர்நேட்டிவ்ஸ்’ நினைவகத்தை விடுவிக்கிறேன் என்று ஒரு வரி ஓடுமே, அது இந்த வேலையின் மிச்சம்தான்.

32-பிட் கெர்னல் கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 32 இரும இலக்கத்தில் (பிட்டில்) எழுதக்கூடிய முகவரிகள் 4 ஜிபியோடு முடிந்துவிடும். 2025-இல் வந்த 6.15 பதிப்புக்கு முந்தைய கெர்னல்களில், அதற்கு மேல் நினைவகம் இருந்தால் ‘பிஏஇ’ என்ற முகவரி நீட்டிப்பு வேண்டியிருந்தது. 36 இலக்கம், 64 ஜிபி வரை. இது பார்க்க எண்ணிக்கை மாதிரி இருந்தாலும் வாக்குறுதி ரகம். ஆரம்பகால பென்டியம் எம் மடிக்கணினிகள் சிலவற்றில் பிஏஇ கெர்னல் கிளம்ப மறுப்பது இதனால்தான்.

ஆர்ம் உலகில் கதை கொஞ்சம் வேறு

ஆர்ம் என்பது கைபேசிகளில் பரவலாக உள்ள, எக்ஸ்86-இலிருந்து வேறுபட்ட பிராசஸர் வகை. அந்த வகையைப் பயன்படுத்தும் ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினிப் பலகையின் பூட் பகுதியைத் திறந்து பார்த்தால் ‘கெர்னல்’, ‘கெர்னல்7’, ‘கெர்னல்7எல்’, ‘கெர்னல்8’ என்று பல கோப்புகள் இருக்கும். முதலாவது, முதல் பை மற்றும் பை ஜீரோவுக்கு. அடுத்தது 32-பிட் முறையில் பை 2, 3. பிறகு பை 4. கடைசியாக 64-பிட் கெர்னல். தரைமட்டம் என்று சொன்னது இங்கே தனித்தனிக் கோப்புகளாகவே கண்முன் கிடக்கிறது. எந்த மாதிரிப் பலகை என்று பார்த்து, கெர்னலுக்கு முன்னால் ஓடும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர் உரியதை எடுத்துக்கொள்ளும். 64-பிட் ஆர்மில் பிராசஸர் பிழைகளுக்கான தடுப்புகள் நீளமான ஒரு பட்டியலாகவே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ‘ஆம்’ என்றே வரும், அவையும் தேவை பார்த்து இயங்குபவை. கைவைக்காதீர்கள்.

கட்ட உட்காரும்போது

வெற்றுப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு பெரும்பாலும் ‘பூட்’ அடைவில் இருக்கும். அதை நகலெடுத்து, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ ஓட்டினால் புதிய கேள்விகளுக்கு இயல்பான பதில்கள் நிரம்பிவிடும். பிறகு மெனுவுக்குள் போய் ஒவ்வொரு வரியிலும் கேள்விக்குறியை அழுத்தி உதவிக் குறிப்பைப் படியுங்கள். சாய்வுக்கோட்டை அழுத்தினால் தேடலாம். தேடல் அவசியம்: மெய்நிகர் கணினிக்கான கேவிஎம் ‘விர்ச்சுவலைசேஷன்’ தலைப்பிலும், பிராசஸரின் வேகத்தை ஏற்றி இறக்கும் பகுதி மின்சக்தி மேலாண்மைத் தலைப்பிலும் இருக்கின்றன. பிராசஸர் தலைப்புக்குள் அவற்றைத் தேடிக் களைத்தவர்கள் நிறைய.

ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இதற்கு நான் ஆம் சொல்லி, அது உண்மையில்லாமல் போனால் என்ன ஆகும்? ‘சும்மா கிடக்கும்’ என்றால் விட்டுவிடுங்கள். ‘கிளம்பாது’ என்றால் நின்று படியுங்கள். அப்புறம், புதுக் கெர்னலை நிறுவும்போது பழையதை அழிக்காமல் பூட் பட்டியலில் வைத்திருங்கள். கறுப்புத் திரை வந்தால் நினைவகச் சில்லைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.